சம்பந்தி வாயில் மண்

"என் வாயில் மண்ணைப் போட்டுவிட்டான்" என்று புலம்பும் ஆள் ஒருவராவது இல்லாத தமிழ்க் குடும்பம் கிடையாது. காணிப் பிரச்சினையில் தம்பி போட்டிருப்பார், வேலை விஷயத்தில் மச்சான் போட்டிருப்பார், கல்யாண விஷயத்தில் பக்கத்து வீட்டுக்காரி ஒரு கூடை அள்ளிப் போட்டிருப்பார். ஆனால் போட்டது என்ன மண், எங்கே எடுத்தது, பல்லில் கடிபட்டதா என்று ஒருவரும் கேட்பதில்லை. கேட்கவும் தேவையில்லை, அது வெறும் பேச்சு. பேச்சோடு நிற்காமல் காரியத்தில் இறங்கியவள் எனக்குத் தெரிந்து நான் ஒருத்திதான். அதுவும் அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்களின் வாயில், பனங்கட்டி தூவி, நல்லெண்ணெய் ஊற்றி.

(நல்லெண்ணெய் ஊற்றியது நான் இல்லை. அது றீற்றா அன்ரி. அந்தப் பழியை மட்டும் நான் ஏற்கமாட்டேன்.)

நான் கடலடி மண்ணை ஆராய்கிறவள். கப்பலில் போய், ஆழ்கடலின் அடியில் நீளமான குழாயை இறக்கி, அது கவ்விக்கொண்டு வரும் சேற்றை நீளவாக்கில் வெட்டி, இது எந்தக் காலத்துச் சேறு, எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிப்பது என் தொழில். "இளையவ என்ன செய்யிறா?" என்று கோயிலில் யாராவது கேட்டால், அம்மா ஒரு பெருமூச்சு விட்டு, "கடலுக்க சேறு அள்ளுறா" என்பார். பல்கலைக்கழகம் எனக்குத் தந்த நீளமான பட்டத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை.

சேறு இருக்கட்டும். முதலில் வதனி அக்காவின் கதையைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அன்றைக்குக் கவிழப் பார்த்தது அவருடைய வாழ்க்கை.

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு இருக்க வேண்டும். கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வருவார். அப்பா அக்காவுக்கென்று நாவலடியில், கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் மணல் துண்டில், ஒரு வீடு கட்டினார். மாப்பிள்ளையும் பேசியாயிற்று. யன்னலுக்குப் பச்சை பெயின்ற் அடித்து முடித்த கிழமை கடல் வந்தது. இயேசு பிறந்த நத்தாருக்கு அமிர்தகழியில் இருக்கும் அம்மாவின் சிநேகிதி றீற்றா அன்ரி வீட்டுக்குப் போய், கேக்கும் வைனுமாக இரவு அங்கேயே தங்கிவிட்டதால் அம்மாவும் அக்காவும் நானும் தப்பினோம். பெயின்ற் காயவில்லை, வீட்டைத் திறந்துபோட்டுவிட்டு வரமுடியாது என்று காவலுக்கு நின்ற அப்பா தப்பவில்லை. அவருடைய உடலும் எங்களுக்குக் கிடைக்கவில்லை. வீடு நின்ற இடத்தில் குசினிப் படி மட்டும் இருந்தது. கல்யாணப் பேச்சும் அத்தோடு நின்றுபோனது.

ஏன் கடலுக்கு அடியில் இருப்பதைப் படிக்கப் போனாய் என்று என்னிடம் பலரும் கேட்டிருக்கிறார்கள். உலக வெப்பம், சமுத்திர நீரோட்டம் என்று ஏதேதோ சொல்லிச் சமாளிப்பேன். அப்பா அங்கே போனார், அதனால் நானும் பார்க்கப் போனேன். வேறு காரணம் இல்லை.

அடுத்தது சண்டைக் காலம். அதற்குள்ளும் அக்காவுக்கு ஒரு மாப்பிள்ளை அமைந்தார். "ஒரு அலுவல், கெதியா வாறன்" என்று கொழும்புக்குப் போனவர், மாதக்கணக்கில் சத்தமில்லாமல் இருந்துவிட்டுக் கனடாவிலிருந்து போன் எடுத்தார். "இஞ்ச சரியான குளிர்" என்றார். "ஸ்வெட்டர் போடுங்க" என்று சொல்லிவிட்டு அக்கா போனை வைத்தார். அதற்குப் பிறகு யாராவது கல்யாணப் பேச்சை எடுத்தாலே அக்கா எழும்பிக் கிணற்றடிக்குப் போய்விடுவார். எங்கள் கிணற்றடியில் தோய்க்க உடுப்பே இல்லாத நாளிலும் அக்கா போய் நின்றிருக்கிறார்.

சண்டை முடிந்தது. ஆடி அமாவாசைக்கு மாமாங்கக் குளத்தில் தீர்த்தமாட அம்மா போன இடத்தில், படியில் இறங்கமுடியாமல் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்ற ஓர் அம்மாவுக்குக் கை கொடுத்தார். கொக்கட்டிச்சோலைக்காரி, வயல்காரக் குடும்பம், புருசன் இல்லை. இருவரும் குளத்தில் முழுகி எழும்பிய நேரத்துக்குள் யாருக்கு மகன், யாருக்கு மகள், என்ன குடி, என்ன நட்சத்திரம் எல்லாம் பேசி முடித்துவிட்டார்கள். மகன் பெயர் யோகன், நீர்ப்பாசனப் பகுதியில் வேலை.

அம்மா வந்து சொன்னபோது அக்கா கிணற்றடிக்குப் போகவில்லை. கையிலிருந்த கீரையை ஆய்ந்துகொண்டே, "ஆள் எப்பிடி?" என்று மட்டும் கேட்டார். அந்த ஒரு கேள்விக்காக அம்மா மாமாங்கப் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்தார்.

இனிச் சேற்றுக்கு வருவோம்.

சண்டை முடிந்து கடல் திறந்ததும் வெளிநாட்டு ஆராய்ச்சிக் கப்பல் ஒன்று எங்கள் கிழக்குக் கடலுக்கு வந்தது. உள்ளூர்ப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒருவரை ஏற்றிக்கொள்வதாகச் சொன்னார்கள், நான் ஏறினேன். ஏறியதிலிருந்து இறங்கும்வரை வாந்தி எடுத்தேன். (மீன்களுக்கு நான் போட்ட சாப்பாட்டை வேறு எந்த விஞ்ஞானியும் போட்டிருக்கமாட்டார்.) இடையிடையே தலையை நிமிர்த்தியபோது கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று. கப்பலின் பெரிய பேராசிரியர் சேற்றில் ஒரு கிள்ளு எடுத்து முன்பல்லில் வைத்துக் கடித்துப் பார்ப்பார். நறநறத்தால் அது வண்டல். வெண்ணெய்போல் வழுக்கினால் களி. எத்தனையோ கோடிக்கு இயந்திரம் வைத்திருந்த கப்பலில் முதல் பரிசோதனை மனிதப் பல்தான். எனக்கு அந்தப் பரிசோதனை பிடித்துப்போய்விட்டது. கண்ட மண்ணையெல்லாம் கடித்துப் பார்க்கத் தொடங்கினேன்.

"சின்னப் புள்ளயில மண் தின்டதுக்குக் கையில சூடு வெச்சன்" என்றார் அம்மா. "இப்ப அதுக்குப் போய்ச் சம்பளம் குடுக்கிறானுகள்."

கப்பல்காரர்கள் போகும்போது என் ஆய்வுக்கென்று கொஞ்சச் சேற்றைத் துண்டு துண்டாக வெட்டித் தந்தார்கள். அதைக் குளிரில் வைக்க வேண்டும், இல்லையென்றால் வெடித்துப் பூஞ்சணம் பிடித்துவிடும். எங்கள் ஆய்வுகூடத்துப் பிறிஜ் பழுது. திருத்த ஆள் வரும், வருவார், வந்துகொண்டிருக்கிறார் என்று சொன்னார்கள். நான் சேற்றை றிஜிஃபோம் பெட்டியில் ஐஸ் போட்டு அடுக்கி, மடியில் வைத்துக்கொண்டு, பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன்.

வழியில் சோதனைச் சாவடி. ஆமிக்காரப் பொடியன் பெட்டியைத் திறந்து, குழாய்த் துண்டுகளைப் பார்த்ததும் முகம் மாறினான். என்ன இது என்று சிங்களத்தில் கேட்டான். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சேற்றுக்கு 'மட' என்று பெயர். "மட" என்றேன். அவன் சேற்றையும் பார்த்து, அதை மடியில் வைத்துத் தாலாட்டிக்கொண்டிருந்த என்னையும் மேலும் கீழும் பார்த்து, "மட?" என்று கேட்டான். தமிழில் கேட்டிருந்தாலும் 'ஓம்' என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். சிரித்துவிட்டுப் போகச் சொன்னான்.

வீட்டில் பிறிஜ் இருந்தது. ஆனால் அது அக்காவின் சீதனப் பிறிஜ். நாவலடி வீட்டுக்குப் பதிலாக ஒரு தொண்டு நிறுவனம் அமிர்தகழியில் கட்டித் தந்த வீட்டில், குசினி வாசலில், பூப்போட்ட உறை மாட்டி, கோயில் தேர் மாதிரி நிறுத்தி வைத்திருந்தார் அம்மா. அதற்குள் தண்ணீர்ப் போத்தல் தவிர வேறெதுவும் போகக்கூடாது.

"சீதனச் சாமான் கா. பாவிச்சாப் பழசாப் போயிரும்."

"அம்மா, இது பழுதாப் போனா என்ட படிப்பே போயிரும்."

"சேறு பழுதாப் போகுமா? அது ஏற்கெனவே பழுதுதானே?"

அக்காதான் எனக்காகப் பேசினார். "வெச்சிட்டுப் போகட்டும் அம்மா. பிறிஜ்ஜும் சும்மாதானே நிக்குது" என்றார். அந்த 'பிறிஜ்ஜும்' என்ற சொல்லில் இருந்த 'உம்' அம்மாவின் வாயை அடைத்தது. என் சேறு சீதனப் பிறிஜ்ஜுக்குள் குடிபோனது.

அன்றிலிருந்து நான் வீட்டில் எல்லோருக்கும் வகுப்பு எடுத்தேன். மேல்தட்டில் களி. கீழ்த்தட்டில் வண்டல். ஒன்றோடொன்று கலக்கக்கூடாது. களி என்றால் கடலின் மிக நுண்ணிய சேறு, மாப்போல இருக்கும், உருட்டினால் வெடிக்காமல் உருண்டை பிடிக்கும். அதைப் பார்ப்பதற்காகவே ஒரு துண்டை எடுத்து உருண்டை உருண்டையாக உருட்டி, எவர்சில்வர் தட்டில் அடுக்கி, காயாமல் இருக்க ஈரத்துணியால் மூடி மேல்தட்டில் வைத்திருந்தேன். கடலுக்கு அடியில் ஓடும் ஓர் ஆற்றின் படுக்கையிலிருந்து எடுத்த துண்டு அது. என் ஆய்வின் நடுநாயகம். பக்கத்து வீட்டு றீற்றா அன்ரி வந்தாலும் விடவில்லை, அவருக்கும் வகுப்பு. "மாதாவே, மண்ணுக்கு இவ்வளவு படிப்பா?" என்று அவர் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்.

பெண் பார்க்க வரும் நாள் வந்தது. கொக்கட்டிச்சோலை அம்மாவின் முழங்கால் நோ என் அம்மாவின் மனதில் இருந்தது. விடியற்காலையில் எழும்பி உழுத்தங்களி கிண்டினார். உழுத்தம் மாவைத் தேங்காய்ப் பாலிலும் பனங்கட்டியிலும் போட்டுக் கிண்டி, நல்லெண்ணெய் விட்டு உருட்டுவது. எலும்புக்கு அதைவிட நல்ல மருந்து இல்லை என்பது எங்கள் பெண்களின் திடமான நம்பிக்கை. பார்க்கக் கறுப்பும் மண்ணிறமுமாக மினுங்கும். எறும்பு ஏறும் என்று அம்மா அதைப் பிறிஜ்ஜின் கீழ்த்தட்டில், என் வண்டல் டப்பாவைப் பின்னால் தள்ளிவிட்டு, முன்னால் வைத்திருக்கிறார். இது எனக்குத் தெரியாது. நான் அப்போது நித்திரை.

அவர்கள் சொன்ன நேரத்துக்கு முன்னரே வந்துவிட்டார்கள். அந்த நாளில் மண்முனையில் பாலம் இல்லை, வாவியைக் கடக்கப் 'பாதை' என்று ஒரு பெரிய மிதவைதான். அது எப்போதும் பிந்தும் என்று கணக்குப் போட்டுத்தான் எல்லோரும் வெளிக்கிடுவார்கள். அன்றைக்குப் பார்த்து அது உடனே புறப்பட்டுவிட்டது. அம்மா படலையடிக்கு ஓடினார். நான் உள்ளறையில் வாயில் ஊசிகளைக் கவ்விக்கொண்டு அக்காவுக்குச் சேலை மடிப்புப் பிடித்துக்கொண்டிருந்தேன். குசினியில் உதவிக்கு நின்றவர் றீற்றா அன்ரி.

"சுதா! பிறிஜ்ஜுக்க எது கா களி?" என்று அன்ரி குசினியிலிருந்து கேட்டார்.

எனக்கு மனம் குளிர்ந்துபோயிற்று. நான் எடுத்த வகுப்பு வீண்போகவில்லை, பாவம், என் மாதிரிகளில் கை படக்கூடாது என்று எவ்வளவு கவனமாகக் கேட்கிறார்! ஊசிகளைத் துப்பிவிட்டு, "மேல்தட்டில இருக்கிறதுதான் களி, அன்ரி!" என்றேன்.

"அப்ப கீழ இருக்கிறது?"

"அது வண்டல்! சேறு! கலந்திராதீங்க!"

"சரி, சரி."

நானும் அக்காவும் தேநீர்த் தட்டோடு முன்னறைக்கு வந்தபோது நான்கு பேர் இருந்தார்கள். அம்மா. மாப்பிள்ளையின் தாய், அதாவது மாமி. மாப்பிள்ளை யோகன். மாமியின் தமையன், ஒரு பெரிய மீசை மாமா. பெண்ணைப் பெற்ற வீட்டின் குணத்தை எடைபோட அவரைக் கூட்டி வந்திருந்தார்கள். மாமாவுக்குச் சீனி வருத்தம், இனிப்புத் தொடமாட்டார். அன்றைக்கு அந்த வருத்தம்தான் அவரைக் காப்பாற்றியது.

மாமியின் கையில் பாதி கடித்த உருண்டை இருந்தது. கன்னத்தில் மற்றப் பாதி இருந்தது. மாப்பிள்ளை ஒன்றை முடித்துவிட்டு இரண்டாவதில் இருந்தார். அக்கா உள்ளே வந்த நேரத்திலிருந்து அவருடைய கண் அக்காவில்தான். அந்த நிலையில் எவர்சில்வர் தட்டைக் கடிக்கக் கொடுத்திருந்தாலும் கடித்திருப்பார்.

"நல்ல... மெத்துண்டு இருக்கு" என்றார் மாமி, மரியாதையோடு.

"உங்கட முழங்காலுக்கெண்டே செய்தன், தின்னுங்க" என்றார் அம்மா.

"கொஞ்சம் உப்புத்தான் கூட."

"உப்பா? நான் உப்பே போடல்லையே!"

நான் தட்டைப் பார்த்தேன். அது என் தட்டு. என் உருண்டைகள். மேலே பனங்கட்டித் தூள், சுற்றிவர நல்லெண்ணெய். ஆபத்தில் மனிதர்கள் என்ன செய்வார்கள் என்று முன்கூட்டிச் சொல்லமுடியாது. சிலர் அலறுவார்கள், சிலர் மயங்கி விழுவார்கள். நான் விஞ்ஞானி ஆனேன்.

"மாமி, பல்லில நறநறக்குதா, வழுக்குதா?"

அறை முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. மாமி நல்ல மனுசி. கேள்விக்கு மரியாதை கொடுத்து, நாக்கை ஒரு சுற்றுச் சுற்றி, யோசித்து, "வழுக்குது மனே" என்றார்.

"நல்லம்! அப்ப சுத்தக் களி!" என்றேன்.

"ஓம், மாவை மூண்டு தரம் அரிச்சனான்" என்றார் அம்மா பெருமையோடு.

அப்போதுதான் எனக்கு மூளை வேலை செய்தது. "இது ஆறிப்போச்சு, வேற கொண்டுவாறன்" என்று தட்டைப் பிடித்து இழுத்தேன். கூச்சத்தில் என்ன செய்கிறேன் என்று தெரியாமல் மாப்பிள்ளை மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டார். "பரவாயில்ல, பரவாயில்ல" என்று அவர் இழுக்க, "இல்ல, இல்ல" என்று நான் இழுக்க, உருண்டை ஒன்று உருண்டு அம்மாவின் மடியில் விழுந்தது. உப்பு விஷயம் ஏற்கெனவே அம்மாவை உறுத்திக்கொண்டிருந்தது. எடுத்து ஒரு கடி கடித்தார்.

அம்மாவின் முகம் போன போக்கை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

"அடியே சுதா" என்றார் மெதுவாக. "இது உன்ட களியா, என்ட களியா?"

"என்ட களி" என்றேன்.

"ஐயோ! சம்பந்தி வாயில மண்ணப் போட்டுட்டாயேடி!"

மாமா நிமிர்ந்தார். "ஆர் ஆருட வாயில மண்ணப் போட்டது?"

"நான்தான் மாமா. இந்த மண். இது உழுத்தங்களி இல்ல, களிமண். கடல் மண்."

மாமி கன்னத்தில் கிடந்ததைத் துப்ப இடம் தேடி யன்னல் பக்கம் பார்த்தார். வந்த இடத்தில் துப்புவதா விடுவதா என்று தெரியாமல் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். மாமா தோளில் கிடந்த சால்வையை உதறிப் போட்டார். "எழும்பு தங்கச்சி. வீட்டுக்கு வந்த ஆக்களுக்கு மண்ணத் தின்னக் குடுத்துச் சிரிக்கிற வீட்டில நமக்கு என்ன பேச்சு? பாதை போறத்துக்குள்ள போவம்."

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா அழவில்லை. தேநீர்த் தட்டைக் கவனமாக மேசையில் வைத்தார்.

"கடல் ஒருக்கா" என்றார். "சண்டை ஒருக்கா. இப்ப நீ."

என்னை யாரும் அடித்திருந்தால் தாங்கியிருப்பேன். இதைத் தாங்க முடியவில்லை. அக்கா கிணற்றடிப் பக்கம் திரும்பினார். வாசலில் மாமாவுக்குக் குறுக்கே போய் நின்று, என் வாழ்க்கையிலேயே மிக முக்கியமான விரிவுரையை, ஒரு குறிப்பும் இல்லாமல், கண்ணீரும் மூக்குமாகத் தொடங்கினேன்.

"மாமா, கடலுக்கு அடியிலயும் ஆறு ஓடுது!"

"விலத்து புள்ள."

"சத்தியமா மாமா! வயல் வட்டைக்குத் தண்ணி திறந்துவிட்டா, வாய்க்காலில சேறு அடியால ஓடுமே, அப்பிடித்தான். கடலுக்கு அடியில சேறு வாய்க்கால் மாதிரி ஓடும். அதுக்குக் கரை இருக்கு, வளைவு இருக்கு, எங்கட வாவி மாதிரிக் கிறுகிக் கிறுகிப் போகும்."

மாமா செருப்பை மாட்டிய கால் நின்றது. வயல்காரனிடம் வாய்க்கால் என்ற சொல்லைச் சொன்னால் அவன் நின்று கேட்டுவிட்டுத்தான் போவான். "கடலுக்க ஆர் வாய்க்கால் வெட்டினது?"

"ஒருத்தரும் வெட்டல்ல. சேறே தனக்கு வாய்க்கால் வெட்டிக்கொண்டு வரும்."

"எங்க இருந்து வரும்?"

"இமயமலையில இருந்து மாமா. கங்கை ஆறு அள்ளிக்கொண்டு வந்து கடலில போடுற சேறுதான், கடலுக்கு அடியால நடந்து நடந்து, வங்காளக் கடல் முழுக்க வந்து, எங்கட கரைக்கு அங்கால இறங்கிப் போகுது. அந்த வாய்க்காலில இருந்துதான் இதை எடுத்தனாங்க. இது சும்மா மண் இல்ல. கங்கை மண்."

"கங்கையா?" என்று வாயைப் பொத்திய கைக்குள்ளிருந்து மாமியின் குரல் வந்தது.

"ஓம் மாமி. கங்கை."

மாமி விழுங்கினார். நான் என் கண்ணால் பார்த்தேன், துப்ப வைத்திருந்ததை அப்படியே விழுங்கினார். விழுங்கிவிட்டு, எண்ணெய் பிசுபிசுத்த கையைத் தலையில் தடவிக்கொண்டார். "அவர் சாகுமட்டும் காசிக்குப் போகோணும், காசிக்குப் போகோணும் எண்டு சொல்லிக்கொண்டே கிடந்தார். எங்க போற? சண்டைக்க பாதையைத் தாண்டவே ஏலாது" என்றார். பிறகு என் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். எங்கள் கதை அவருக்குத் தெரியும், மாமாங்கக் குளத்துப் படியில் அம்மா சொல்லியிருந்தார். அப்பாவின் உடல் கிடைக்காதது, தகனம் செய்ய ஒன்றும் இல்லாமல் போனது, சாம்பல் கரைக்க ஒரு பிடி சாம்பல்கூட இல்லாதது, எல்லாம்.

"அப்ப உங்கட அவரும் கங்கையிலதானே இருக்கார்" என்றார் மாமி.

நான் கடலடி மண் படித்தவள். அந்த வாய்க்கால் கரையிலிருந்து எவ்வளவு தூரம், அலை இழுத்தது எங்கே போய்ச் சேரும், எங்கே சேராது என்று சொல்ல எனக்கு வாய் துறுதுறுத்திருக்க வேண்டும். ஒன்றும் சொல்லவில்லை. அம்மா மாமியின் எண்ணெய்க் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். கடல் வந்த நாளிலிருந்து, 'இருக்கிற புள்ளையளப் பாக்கோணும்' என்று அடக்கி வைத்திருந்த அழுகை எல்லாம் அழுதார். அக்காவும் அழுதார், நானும் அழுதேன். அப்பாவுக்காக நாங்கள் மூவரும் சேர்ந்து அழுதது அன்றைக்குத்தான்.

மாமா செருப்பைக் கழற்றினார். தொண்டையைச் செருமினார். "எனக்கும் ஒரு உருண்டை தாங்க" என்றார்.

"மாமா, உங்களுக்குச் சீனி வருத்தமெல்லோ?"

"கங்கையில ஏது புள்ள சீனி?"

தின்னக்கூடாது மாமா, ஏற்கெனவே தின்றதே போதும் என்று கெஞ்சி, நெற்றியில் மட்டும் பூசிக்கொள்ள வைத்தேன். மாப்பிள்ளை முதல்முறையாக வாய் திறந்தார். "நான் ரெண்டு தின்டனான்" என்றார், அக்காவைப் பார்த்தபடி. "எனக்கு ரெண்டு மடங்கு புண்ணியமா, இல்லாட்டி டொக்டரிட்டப் போகோணுமா?"

அக்கா சிரித்தார். கண்ணில் தண்ணீரோடு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, விக்கி விக்கிச் சிரித்தார். அந்தச் சிரிப்பிலேயே கல்யாணம் முடிவாகிவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து றீற்றா அன்ரி குசினியிலிருந்து ஒரு வெறும் தட்டோடு வந்தார். நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. பின்வளவில் நின்றிருக்கிறார்.

"சுதா, குறை நினைக்காத மனே. சாப்பாட்டுக்குப் பக்கத்தில மண் இருக்கப்படாதெண்டு உன்ட சேத்தை எடுத்து வெளியில வெச்சன். எறும்பு மொய்ச்சிட்டுது. கோழிக்குக் கொட்டிட்டன். ஏசுவே, என்ன மண் கா அது? கோழி அந்தத் தின் தின்னுதுகள்!"

அம்மா விடியற்காலையிலிருந்து கிண்டிய களி அது.

புறப்படும்போது மாமி மிச்ச உருண்டைகளைக் கேட்டார். "சாமித் தட்டில வைக்க" என்றார். கடலடி ஆற்றின் படுக்கையிலிருந்து எனக்குக் கிடைத்த ஒரே துண்டு அது. அதற்காகத்தான் அத்தனை வாந்தியும். வாயைத் திறந்தேன். அக்கா என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். நானே வாழையிலை வெட்டி வந்து பொதி கட்டிக் கொடுத்தேன். எண்ணெயைத் துடைக்கட்டுமா என்று வேறு கேட்டேன்.

கல்யாணம் மாமாங்கத்தில் நடந்தது. யோகன் அத்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அமிர்தகழி வீட்டுக்கு வந்தார். பிறிஜ்ஜின் பூப்போட்ட உறையை அக்கா முதல் நாளே கழற்றிவிட்டார். யாருக்கும் வயிற்றுக்கு ஒன்றும் செய்யவில்லை. மாறாக, அன்றிலிருந்து தன் முழங்கால் நோ பாதி குறைந்துவிட்டது என்று மாமி ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். கொக்கட்டிச்சோலைக்கு நான் போனால் முழங்கால் நோக்காரர் இரண்டு பேராவது வந்து, "புள்ள, மறுகா எப்ப கப்பல் போகுது?" என்று விசாரிப்பார்கள்.

என் ஆய்வேட்டின் நடுவே ஒரு வரைபடம் இருக்கிறது. அதில் கோடு அழகாக வந்துகொண்டிருக்கும்போதே ஓரிடத்தில் அறுந்து, கொஞ்சம் தள்ளி மறுபடி தொடங்கும். வாய்மொழிப் பரீட்சையில் வெளிநாட்டுப் பரீட்சகர் அந்த இடத்தில் விரலை வைத்து, இந்தத் துண்டு எங்கே என்று கேட்டார். "பரிசோதனையில் முடிந்துவிட்டது" என்றேன். பொய் இல்லை. பல்லில் வைத்துத்தான் பரிசோதித்தோம்.

எங்கள் வீட்டில் இன்றுவரை நான் நீட்டும் தட்டிலிருந்து யாரும் முதல் ஆளாக எடுப்பதில்லை. எந்த விசேஷத்துக்கும் யோகன் அத்தான் பலகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "மச்சாள், நறநறக்குமா, வழுக்குமா?" என்று சபையில் கேட்காமல் வாயில் வைக்கமாட்டார். அதையெல்லாம் நான் பொறுத்துக்கொள்வேன். ஆனால் அக்காவின் மகளுக்கு மாமி வைத்த பெயர் கங்கா.

போன வருடம் பள்ளிக்கூடத்தில் ரீச்சர் பிள்ளைகளை ஒவ்வொருவராக எழுப்பி, உங்களுக்கு ஏன் அந்தப் பெயர் வைத்தார்கள் என்று கேட்டிருக்கிறார். எங்கள் கங்கா எழும்பி, கையைக் கட்டிக்கொண்டு, வகுப்பு முழுக்கக் கேட்கும்படி, "எங்கட சின்னம்மா எங்கட அப்பம்மாட வாயில மண்ணப் போட்டவ ரீச்சர். அதாலதான்" என்று சொல்லிவிட்டு இருந்திருக்கிறாள்.

அன்று பின்னேரம் ரீச்சர் அக்காவுக்குப் போன் எடுத்தார். குரலை நன்றாகத் தாழ்த்தி, "சின்னப் புள்ளைக்கு முன்னால இதெல்லாம் கதைக்கப்படாது. வீட்டில ஏதும் காணிப் பிரச்சினையா?" என்று கேட்டார்.

"காணி இல்ல ரீச்சர், களி" என்ற அக்கா, மிச்சத்தை விளங்கப்படுத்தும்படி போனை என் கையில் திணித்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டார். உள்ளே அம்மாவும் அத்தானும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது கேட்டது. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "கடலுக்கு அடியிலயும் ஆறு ஓடுது ரீச்சர்" என்று தொடங்கினேன்.